மூன்று சதவீத மாமா

1

இந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில், என் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க, எனக்குக் காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் நேரம் தவறாதவர்கள் என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். விமானம் ஏறும்வரை நானும் நம்பினேன். ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவனைப் பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த அம்மையார் என் கோப்பைத் திறந்தார். படத்தையும் முகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு தாள் குறைகிறது என்றார். நான் இந்த நாட்டில் வசிக்கிறேன் என்பதற்கான சான்றாம் அது. “பதினோரு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். இப்போதுகூட உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருப்பது சான்று ஆகாது என்று பொறுமையாக விளக்கி, கோப்பை மூடி, அடுத்த எண்ணை அழுத்தினார். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்.

வெளியே வந்து என் கோட்டை மாட்டிக்கொண்டே வழக்கம்போல் கணக்குப் போட்டேன். மொத்த நேரம் இரண்டு மணி நாற்பத்தொன்பது நிமிடம். அதில் எனக்காக அரசாங்கம் உண்மையில் வேலை செய்தது நான்கு நிமிடம். இந்தக் கணக்கு எனக்குத் தொழில். அதைப் பிறகு சொல்கிறேன்.

போனை எடுத்துப் பார்த்தபோது வடசென்னையில் எங்கள் ஊரான எர்ணாவூரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. என் அக்கா செல்வியின் கணவர் ஏழுமலை மாமா பேசியிருந்தார்.

“மச்சான், நல்லா கீறியா? நிலா படிக்குதா? ஒன்னுமில்ல, ஒரு விஷயம். நீ தாமுவுக்குப் போட்டுக் குடுத்தியே ஒரு மெசினு, அது என்னிய சோம்பேறினு சொல்லிகீது. மூணு பர்சன்ட்டுதான் வேல செய்றனாம். போர்டுல எழுதி வெச்சிகீறான், போறவன் வர்றவன்லாம் பாக்கறான். திங்கக்கெயமெலேர்ந்து வெளிய ஆளு வேணாமாம், நானும் உள்ள எறங்கணுமாம். நீ அவனாண்ட கொஞ்சம் பேசு. அவசரம்லாம் ஒன்னுமில்ல.”

எங்கள் பக்கத்து ஆட்கள் அவசரமில்லை என்று சொன்னால் வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். அன்று வியாழக்கிழமை.

2

என் வேலை என்ன என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இப்போது தப்பிக்க முடியாது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான புரோகிராம்கள் ஓடும். செயலி என்கிற மூளை ஒன்றோ எட்டோதான் இருக்கும். எல்லோரும் அதில் கொஞ்சம் கொஞ்சம் நேரம் வாங்கிக்கொண்டு ஓடவேண்டும், ரேஷன் கடை வரிசைபோல. ஒரு புரோகிராம் காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிந்தால் அது ஒரு மணி நேரம் வேலை செய்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அது கடிகார நேரம். அந்த ஒரு மணியில் அது செயலியை உண்மையில் பிடித்து வைத்திருந்தது மூன்று வினாடியாக இருக்கலாம். மீதி நேரம் முழுக்கத் தகவல் வரும், கோப்பு திறக்கும் என்று தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அந்த மூன்று வினாடியைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அதிலும் புரோகிராம் தானே கணக்குப் போட்ட நேரம் எவ்வளவு, அதற்காக இயங்குதளம் ஓடியாடிய நேரம் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பேன். இதற்கு ஒரு நாற்காலி, இரண்டு திரை, இலவசக் காப்பி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூங்குகிற புரோகிராம் செயலி நேரத்தில் பூஜ்யம் வாங்கும். ஆனால் “வந்ததா, வந்ததா, வந்ததா” என்று வினாடிக்கு லட்சம் முறை கேட்டுக்கொண்டு சும்மா சுற்றிச் சுற்றி வருகிற புரோகிராம் நூற்றுக்கு நூறு வாங்கும். இரண்டும் செய்கிற வேலை ஒன்றேதான், காத்திருப்பது. இந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்கு அதைப் புரியவைக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு புரோகிராம் தனக்குக் கீழே பிள்ளைப் புரோகிராம்களை உண்டாக்கி வேலை வாங்கலாம். பிள்ளை செலவழித்த நேரம் பெற்றோர் கணக்கில் சேரும். எப்போது தெரியுமா? பிள்ளை முழுக்க முடிந்து, பெற்றோர் காத்திருந்து அதன் கணக்கை வாங்கிக்கொண்ட பிறகுதான். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன செய்கிறது என்று பெற்றோர் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பதின்மூன்று வயது மகள் உள்ளவன் நான். இதை எந்தப் புத்தகத்தைப் படித்தும் புரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை. நிலா தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெர்மனில் சிரிப்பாள். “இன்னா கண்ணு சிரிக்கற?” என்று கேட்டால், “அது உங்களுக்குப் புரியாது, அப்பா” என்று வானொலிச் செய்தி வாசிப்பவர்போல் சுத்தமான தமிழில் பதில் வரும். அந்தத் தமிழை அவளுக்குச் சனிக்கிழமைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுத் தமிழை அவள் பள்ளி தமிழ் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

3

ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். தாமு விமான நிலையத்துக்கே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நானும் அவனும் எர்ணாவூரில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் படிப்பைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனேன். அவன் படிப்பை விட்டுவிட்டு முன்னேறினான். திருவொற்றியூரில் இப்போது அவனுக்கு ஒரு அலுவலகம், இரண்டு வேன், கையில் பெரிய கம்பெனிகளின் துப்புரவு ஒப்பந்தங்கள் எல்லாம் உண்டு. மணலியிலிருந்து எண்ணூர்வரை ஆலைகளில் தரைக்கடியில் இருக்கும் கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் செய்து கொடுப்பது அவன் தொழில். ஏழுமலை மாமா அவனிடம்தான் வேலை பார்க்கிறார்.

ராயபுரத்தில் ஒரு பிரியாணிக் கடையில் உட்கார்ந்ததும் புலம்ப ஆரம்பித்தான்.

“அஞ்சு பேரு அனுப்பறேன் மாமு. எவன் வேல செய்றான், எவன் குந்திகினு கீறான்னு எனக்கு எப்டித் தெரியும்? நானு ஒரு நாளைக்கி மூணு எடம் சுத்தறேன். சொல்லு, பேஜாரா இல்ல?”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு லெக் பீஸைக் கவனித்திருக்கவேண்டும். ஆனால் பதினோரு வருடமாக என் வேலையைப் பற்றி யாரும் அக்கறையாகக் கேட்டதில்லை. ஜெர்மனியில் எல்லோருக்கும் தெரியும், ஊரில் யாருக்கும் வேண்டாம். கடிகார நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்று நான் சொல்லச் சொல்ல, தாமுவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இலையில் எலும்பை வைத்து ஐந்து ஆட்களாக்கி அவனுக்கு விளக்கினேன்.

“மாமு, அத எனக்குப் போட்டுக் குடேன். நீதான் இவ்ளோ பெரிய ஆளாச்சே!” என்றான்.

பெரிய ஆள் என்று சொன்னால் போதும், நம் ஆட்கள் கிட்னியைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள். திரும்பி வந்து இரண்டு வார இறுதிகளில் போட்டுக் கொடுத்தேன். கையில் கட்டுகிற ரப்பர் பட்டை, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுமே, அது மலிவாகக் கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்று. கை அசைந்தால் வேலை, அசையாவிட்டால் ஓய்வு. நாள் முடிவில் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று தாமுவின் போனுக்குப் போய்விடும், எனக்கும் ஒரு பிரதி வரும். அவன் அதை அலுவலக வாசலில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவைத்தான். கீழே வாழ்க உழைப்பு என்று வேறு எழுதியிருந்தான். படம் எடுத்து எனக்கு அனுப்பினான், நானும் பெருமையாக அலுவலகத்தில் காட்டினேன்.

ஏழுமலை மாமாவின் வேலை என்ன என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் அவர் வீட்டில் பத்து நாள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

அவர் வெளி ஆள். தொட்டிக்குள் நான்கு பேர் இறங்குவார்கள். தொட்டியின் வாயில் அவர் நிற்பார். நான்கு பேர் இடுப்பிலும் கட்டிய கயிறுகளின் மறுமுனை அவர் கையில் இருக்கும். பக்கத்தில் காற்றை உள்ளே ஊதுகிற ப்ளோயர் கத்திக்கொண்டிருக்கும். இறங்குவதற்குமுன் நான்கு பேரும் போன், மோதிரம், பர்ஸ் எல்லாவற்றையும் அவர் பையில் போடுவார்கள். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் குனிந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். “பாபூ!” உள்ளேயிருந்து “கீறேன்” என்று குரல் வரவேண்டும். வராவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடுவார். அப்போதும் வராவிட்டால் மூன்றாவது கூப்பாடு கிடையாது, கயிறுதான். விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, சில சமயம் வாடையும் கிடையாது. மூக்கில் ஏறினதே தெரியாமல் ஆள் உட்கார்ந்துவிடுவான்.

இதற்கெல்லாம் எத்தனை கை அசைவு தேவை? என் கருவி சொன்னது மூன்று சதவீதம்.

4

வியாழக்கிழமை மதியமே மாமாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், டீக்கடையில் இருந்தார்.

“மாமா, மத்தவங்க நாலு பேருக்கும் தொண்ணூத்தேழு காட்டுதே. அது எப்படி? சாப்பாட்டு நேரத்துலகூட தொண்ணூத்தேழு இருக்கு.”

மாமா சிரித்தார். கொஞ்சநேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

“இப்பத்தான் கேக்கற பாரு. அவனுங்க அந்த வாட்சக் கய்ட்டி ப்ளோயர்ல கட்டிட்டுத்தான் எறங்கறானுங்க. உள்ள சேத்துல பட்டா கெட்டுப்போவுதுனு மொதல்ல கட்டனானுங்க. அப்பால பாத்தா போர்டுல பர்ஸ்ட்டு மார்க்கு! அது கிடுகிடுன்னு ஆடிகினே கீதுல்ல? இப்ப எவனும் கையில கட்டறதில்ல.”

ஆக, தாமுவின் நிறுவனத்திலேயே நன்றாக உழைக்கும் ஊழியர் ஒரு ப்ளோயர். அதற்கு நான்கு பெயர்கள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் உழைக்கிறது. வெறும் சுழற்சியை வேலை என்று நம்பி ஏமாறாதீர்கள் என்று ஜெர்மன்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிற நிபுணன் நான். மூன்று மாதமாக ஒரு காற்றாடி என்னை ஏமாற்றியிருக்கிறது.

“அப்ப நீங்களும் கட்டிட வேண்டியதுதானே மாமா? நாளைக்கே கட்டுங்க. தொண்ணூத்தேழு வந்துடும், தாமு வாயத் தெறக்கமாட்டான்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“நானு கட்டமாட்டேன்.”

“ஏன்?”

“அவனுங்க கட்டறது வேற, நைனா. அவனுங்க உள்ள எறங்கி செத்து சுண்ணாம்பாவறானுங்க, அத எந்த மெசினும் பாக்கல, அதனால கட்டறானுங்க. என் வேல நிக்கறது. பதினெட்டு வருசமா நின்னுகினு கீறேன். எறங்கன ஆளு ஏறாம நானு வூட்டுக்குப் போனதில்ல. அத வேலையில்லன்னு நானே ஒத்துகினு ஒரு ப்ளோயர்ல போயி கட்டணுமா?”

டீ ஆறுகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடத்தைப் பாருங்கள். ப்ளோயர் விஷயத்தை தாமுவிடம் சொன்னால் நான்கு பேர் வேலைக்கும் உலை. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மாமா மண்வெட்டியோடு தொட்டிக்குள் இறங்குவார், மேலே பெயர் கூப்பிட ஆள் இருக்காது. என் மனைவி கவிதா வியாசர்பாடிக்காரி. சாப்பிடும்போது இதை அவளிடம் சொன்னேன். தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

“இன்னாய்யா மனுசன் நீ? அந்தாளு நாலு உசுரக் கையில புட்ச்சிகினு நிக்கறாரு. நீ கை ஆடுதானு பாத்துகினு இருந்தியா?”

நிலா தலையை நிமிர்த்தி, “அப்பா செய்தது தவறான அளவீடு” என்றாள். மிகச் சுத்தமான தமிழ்.

இதில் என்னை மிகவும் சுட்டது வேறொன்று. போன வருடம் என் அலுவலகத்தில் ஒரு புரோகிராமைத் தூக்கிவிடலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அது செயலியை எடுத்துக்கொண்டது இரண்டே வினாடி. வெட்டி என்றேன். மேலாளர் கூப்பிட்டு, அது மின்சாரம் நின்றால் எழுந்து தகவல்களைக் காப்பாற்றுவதற்காகக் காத்திருக்கும் புரோகிராம், காத்திருப்பதுதான் அதன் வேலை என்றார். மன்னிப்புக் கேட்டு, அதற்கு ஒரு பாதுகாப்புக் குறியும் போட்டுவைத்தேன், யாரும் தவறிக்கூடத் தொடக்கூடாது என்று. ஒரு புரோகிராமுக்குக் காட்டிய அந்தக் கருணை அக்கா புருஷனுக்குக் காட்டத் தோன்றவில்லை எனக்கு.

5

வெள்ளிக்கிழமை தாமு போனை எடுக்கவில்லை. ஏதோ ஆலையில் ஆய்வாம். சனிக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளிநாட்டில் ரொம்ப நாள் இருந்தவன் செய்வதைச் செய்தேன். ஒன்பது பக்கத்துக்கு வண்ணப் படங்கள் போட்டு ஒரு விளக்கம் தயாரித்தேன். கடிகார நேரம் நீலம், வேலை நேரம் சிவப்பு, காத்திருக்கும் நேரம் பச்சை. ப்ளோயரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் சாமர்த்தியமாக எழுதினேன். அதற்கு ஒரு முழு நாள் போயிற்று. தாமுவுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டைவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். திறந்தே பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும், திறந்தால் எனக்குத் தகவல் வருகிற மாதிரிதான் அனுப்பியிருந்தேன். அளப்பதில் குறையே வைக்கமாட்டேன்.

ஒரு வண்டி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியுமா என்ன? அங்கே இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பத்து நிமிட வேலை.

திங்கட்கிழமை காலை அலுவலகம் போனதும் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மறுபடி கூப்பிட்டேன். இங்கே எட்டரை, அங்கே நண்பகல் பன்னிரண்டு. இந்தமுறை எடுத்தான். பின்னால் இரைச்சல்.

“டேய், ஒரு பத்து நிமிஷம் எனக்காக ஒதுக்கு. முக்கியமான விஷயம். அப்புறமானு சொல்லாத.”

“இன்னாது? ஒன்னும் கேக்கல மாமு! இரு, இரு, அப்டி வர்றேன்.”

அவன் நடக்கிற சத்தம் கேட்டது. இரைச்சல் மெதுவாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. லாரி ஹாரன் ஒன்று கேட்டது. நல்ல தெளிவான இணைப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“இப்ப சொல்லு மாமு.”

சொன்னேன். வாழ்க்கையில் நான் அப்படிப் பேசியதில்லை. மின்சாரம் நின்றால் எழுகிற புரோகிராமைப் பற்றிச் சொன்னேன். காவலாளி ஓடவில்லை என்று யாராவது சம்பளம் பிடிப்பார்களா என்றேன். தாமு விடவில்லை.

“அது சரி. சும்மா நிக்கறவன நீயே சோம்பேறின்னு சொல்லல? எலும்பு வெச்சிக் காட்டனியே?”

“அது என் தப்பு. நான் போட்டது தப்பான கணக்கு.”

“இப்ப தப்புன்றியா? மூணு மாசமா போர்டுல எழுதினு கீறேனே!”

“நான் பெரிய ஆளுனு சொன்னல்ல? அந்தப் பெரிய ஆளே சொல்றேன், தப்பு. அந்த நாலு பேருல ஒருத்தன் மயங்கினா யாருடா பாக்கறது? கயித்த யாரு இழுப்பா? நாளைக்கு ஒரு வூட்ல எழவு வுழுந்தா நீ எந்த மூஞ்ச வெச்சிகினு போவ?”

கடைசியில் எனக்கும் எர்ணாவூர் பாஷை வந்துவிட்டது. காப்பி எடுக்க வந்த சக ஊழியர் ஒருவர் பயந்து திரும்பிப் போனார்.

“சரி மாமு. நீ சொல்றது கரெக்ட்டு. நாளைலேர்ந்து உங்க மாமா வெளியவே நிக்கட்டும். போர்டையும் அழிச்சிட்றேன். போதுமா?”

ஜெயித்துவிட்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நன்றி சொல்லி வைக்கப் போனவன், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்:

“இன்னிக்கு யாருடா நிக்கறா?”

“நான்தான். வெளிய ஆளில்லாம எறங்கமாட்டோம்னு நாலு பேரும் காலையில ரப்ச்சர் பண்ணிட்டானுங்க. சும்மா நிக்கறதுதானே, நானே நிக்கறேன்னு நின்னேன்.”

“மாமா?”

“உள்ள கீறாரு. அஞ்சு பேரும் உள்ள.”

“நீ இப்ப எங்க இருக்க?”

“மெயின் கேட்டாண்ட. அங்க ப்ளோயர் சத்தத்துல நீ பேசறது ஒன்னும்...”

அவன் முடிக்கவில்லை. நான் கத்தியதும் அவனுக்கே புரிந்துவிட்டது. போனை அணைக்காமல் ஓடினான். செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு ப்ளோயர் சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. என் போன் திரையில் பதினோரு நிமிடம், இருபது வினாடி என்று ஓடிக்கொண்டிருந்தது.

6

நடந்ததைப் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலே பெயர் கூப்பிடும் குரல் நின்றுபோனதை உள்ளே முதலில் கவனித்தவர் மாமாதான். மற்ற நான்கு பேரும் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கூப்பிட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். கூப்பிடாமல் இருப்பது எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கிற பழக்கம் மாமாவுக்கு மட்டும்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்த இருட்டுக்குள் நின்று அவரே பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். மூன்று பேர் கீறேன் என்றார்கள். மூலையில் இருந்த பாபு சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் சொல்லவில்லை. மாமா துழாவிக்கொண்டு போய் அவனைத் தூக்கி ஏணிப் பக்கம் இழுத்து வந்திருக்கிறார். மற்றவர்களை மேலே போய்க் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, கீழேயிருந்து பாபுவை முட்டுக்கொடுத்துத் தள்ளியிருக்கிறார். தாமு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பாபு தரையில் கிடந்தான். மாமா ஏணியின் அடியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவர் கயிற்றை தாமுதான் இழுத்தானாம். அழுதுகொண்டே இழுத்தான் என்று பாபு சொன்னான், அவனுக்கு யாரோ சொன்னது.

அன்று சாயங்காலம் என் கருவி வழக்கம்போல அறிக்கை அனுப்பியது. நான்கு பேருக்கும் தொண்ணூற்றேழு. பாபு ஆம்புலன்ஸில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நேரத்திலும் அவன் பெயரில் ப்ளோயர் உழைத்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கு எழுபத்தொன்று. பட்டையைக் கையில் கட்டியிருந்த ஒரே ஆள் அவர்தான். முன்னேற்றம் பாராட்டத்தக்கது என்று பக்கத்தில் பச்சை நிறத்தில் வந்திருந்தது. அறுபதைத் தாண்டினால் அப்படி வரவேண்டும் என்று நான்தான் எழுதிவைத்திருந்தேன். கருவியை நிறுத்தினேன், எழுதியதை எல்லாம் அழித்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டிக்கெட் எடுத்துப் புறப்படலாம் என்றால், என் வசிப்பு அனுமதி புதுப்பிப்பில் இருக்கிறது. இப்போது வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். இங்கே வசிக்கிறேன் என்கிற தாள் இன்னும் வந்து சேரவில்லை.

பாபு இரண்டு நாளில் வீடு திரும்பினான். மாமா பன்னிரண்டு நாள் அரசு மருத்துவமனையில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். நெஞ்சு தேறிவிடும் என்றார்களாம். தொண்டையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. குரல் காற்றாகத்தான் வருகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கே காதைக் கொடுத்துக் கேட்கவேண்டியிருக்கிறது. ப்ளோயர் சத்தத்துக்கு மேல் நான்கு பேரைக் கூப்பிட அந்தக் குரல் போதாது. தாமு அவருக்குக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறான். வெளி ஆளாக இப்போது வேறு ஒருவரை வைத்திருக்கிறான். நிற்கிறவர் கையில் போன் இருக்கக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டிருக்கிறான்.

போன வாரம் அக்கா பேசினாள்.

“நீ மட்டும் தாமுவாண்ட பேசலனா இன்னா ஆயிருக்கும்னு நெனச்சிக்கூடப் பாக்க முடியலடா. நீ சொல்லித்தான் அவன் மனசு மாறிச்சாம். அவனே சொன்னான். நீ நல்லா இருக்கணும்.”

தாமு அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான். எத்தனை மணிக்குப் பேசினேன் என்பதைச் சொல்லவில்லை. அதை நானும் அவனும் எங்களுக்குள்கூட இதுவரை பேசிக்கொள்ளவில்லை. சரிக்கா என்றேன். அவள் போனை மாமாவிடம் கொடுத்தாள். நலம் விசாரித்தேன். நிலா படிக்குதா என்று கேட்டார். அப்புறம் கொஞ்சநேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

“மச்சான், ஒன்னு கேக்கறேன். அன்னிக்கு தாமு யாராண்டடா பேசினு இருந்தான் அவ்ளோ நேரம்? கேட்டா சொல்லமாட்டேங்கறான், தலையத் தொங்கப் போட்டுக்கறான். நிக்கறவனக் கூப்ட்டு இட்டுகினு போயி பேசிகினு இருந்தவன் எவனா இருந்தாலும், அவன் மூஞ்ச ஒரு தபா பாக்கணும் எனக்கு. உனக்கு எதனா தெரியுமா?”

“யாராவது கஸ்டமரா இருக்கும், மாமா” என்றேன்.

“அப்டித்தான் இருக்கும்” என்றார்.